ஓவியம்: நேசையா

ஈயன்னாதும் என்று ஒரு ராஜா இருந்தான். இன்றைக்கு ஈராக் என்கிறோமே, அங்கே சுமேரியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில் லகாஷ் என்ற ஊரை ஆண்டவன். அவன் செத்து நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கும். எலும்புகூட மிஞ்சவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் 2024-ஆம் வருஷம் ஆனி மாதம், அம்பாசமுத்திரம் பக்கத்தில், பட்டப்பகலில் ஒரு டிராயிங் வாத்தியாரைக் கொன்றான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். குமரகுருபரன் மட்டும் சிரிக்க மாட்டார். அந்த ராஜாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஏழுமடைக்குச் சாலை பிரிகிற விலக்கில் நிறுத்தியவர் அவர்தான்.

குமரகுருபரன் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறார். வயது ஐம்பத்து மூன்று. பதினோரு வருஷமாக ஈயன்னாதுமைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் அதைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. "என்னவே, உம்ம ராஜா இன்னும் பட்டாபிஷேகம் முடியலையா?" என்பார்கள். இரண்டு பதிப்பகங்கள் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பின. மனுஷருக்கு அது உள்ளுக்குள் குத்தத்தான் செய்தது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதை எழுதினாலும் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பார். மாணவர்கள் கட்டுரையில் ஒரு படத்தை ஒட்டிவிட்டு வரைந்தவர் பெயரைப் போடாமல் விட்டால் கட்டுரை மூஞ்சியில் பறந்து வரும். "அடுத்தவன் உழைப்பத் திருடுதியாலே" என்று வகுப்பிலேயே கத்துவார். நல்ல வியாதிதான். ஆனால் அதுவும் ஆளைக் கொல்லும்.

பதினோரு வருஷம் ஒரே ராஜாவைக் கட்டிக்கொண்டு ஏன் அழுதார் என்றால், அந்த ராஜாவின் கதை அவர் சொந்த ஊர்க்கதை. லகாஷுக்குப் பக்கத்தூர் உம்மா. இரண்டுக்கும் நடுவில் நல்ல விளைநிலம், அதற்குத் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய். அதற்கும் முன்னால் ஒரு பெரிய ராஜா வந்து எல்லை அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருந்தான். உம்மாக்காரர்கள் கல்லைப் பிடுங்கிப்போட்டு நிலத்துக்குள் வந்தார்கள். ஈயன்னாதும் படையோடு போனான். சண்டையில் அவன் மேல் ஒரு அம்பு பாய்ந்தது. பிடுங்கி முறித்துப் போட்டுவிட்டு மேலே போய் வெட்டினான். பிணங்களை மேடு மேடாகக் குவித்தான். அப்புறம் அந்த வெற்றியை ஆளுயரத்துக்கும் மேலான கல்லில் செதுக்கி நட்டான். அதில் பிணந்தின்னிக் கழுகுகள் வெட்டுண்ட தலைகளைக் கொத்திக்கொண்டு பறக்கும். உடைந்த துண்டுகள் இப்போது பாரிஸ் மியூசியத்தில் இருக்கின்றன.

குமரகுருபரனின் ஊர் ஏழுமடை. தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு கிளைக்காலின் தலைப்பகுதியில், மேற்கே இருக்கிறது. கீழே அடுத்த ஊர் மருதம்பத்து. இரண்டுக்கும் நடுவில் அறுபது ஏக்கர் நஞ்சை, ஒரு மடை, வெள்ளைக்காரன் நட்ட ஒரு எல்லைக்கல். கார் சாகுபடிக்குத் தண்ணீர் குறைகிற வருஷமெல்லாம் மேலே உள்ளவன் மடைக்கதவான ஷட்டரை இறக்குவான், கீழே உள்ளவன் வந்து ஏற்றுவான். மண்டை உடையும். யாராவது ஒரு தாசில்தார் வந்து சமாதானம் பேசிவிட்டுப் போவார். அடுத்த வருஷம் மறுபடி உடையும்.

2023 ஆனியில் மண்டையோடு நிற்கவில்லை. அந்த வருஷம் ஏழுமடைக்கு மடை பார்த்தவர் அப்பாத்துரை, குமரகுருபரனின் அக்கா கோமுவின் புருஷன். காலை ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கப் போனவரை மருதம்பத்து ஆட்கள் நாலு பேர் வளைத்தார்கள். முதல் வெட்டு கழுத்துக்கு வீசியது, தோளில் இறங்கியது. அவர் ஓடவில்லை. இரண்டு கையாலும் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடச் சொல்லிக் கத்தினார்கள். விடவில்லை. வலது மணிக்கட்டில் வெட்டினார்கள், அப்புறம் கழுத்தில் மூன்று முறை. உடம்பு கால்வாயில் விழுந்து மருதம்பத்துப் பக்கம் மிதந்து போயிற்று. வலது கை மட்டும் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே இருந்தது. அதைப் பிரித்தெடுத்த போலீஸ்காரர் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். சேதி கேட்டு வந்திருந்த குமரகுருபரன் அதை நேரில் பார்த்தார். பிணவறையில் கையையும் உடம்பையும் ஒன்றாக வைத்துத் தைத்ததையும் பார்த்தார்.

வெட்டிய நாலு பேரில் முக்கியமானவன் சுடலைராஜ். தொண்ணூறாம் நாள் ஜாமீனில் வெளியே வந்து புல்லட்டில் சுற்றினான்.

கோமுவுக்கு ஒரே மகன் மகேஷ், இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வந்தவன் திரும்பிப் போகவில்லை. கொல்லனிடம் சொல்லி அளவு கொடுத்து ஒரு அருவாள் அடித்து வாங்கிப் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். வாரத்துக்கு ஒருமுறை எடுத்து எண்ணெய் போடுவான். கோமு அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் பேச மாட்டாள். தம்பியிடம்தான் பேசினாள்.

"தம்பி, அவுக போய்ட்டாக. போனது போவட்டும். இவனும் போய்ட்டா நான் யாருக்குலே சோறு பொங்கணும்? நீ படிச்சவன், ஒன் பேச்சக் கேப்பான். அவன் கையில அத எடுக்க விடாத. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

குமரகுருபரன் சத்தியம் செய்து கொடுத்தார். அதைக் காப்பாற்றத்தான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் செய்தேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதில் பாதி நிஜம்.

முதல் வருஷ நினைவு நாள் நெருங்கிற்று. நம் பக்கத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு வருஷ நினைவு என்றால் ஃபிளெக்ஸ் இல்லாமல் கிடையாது. விலக்கில், பஸ் திரும்புகிற இடத்தில், செத்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு இருபதடி நீளத்துக்கு நிற்பான். பின்னால் சிங்கமோ புலியோ இருக்கும். கீழே நாலு வரி. அந்த நாலு வரியை எதிர் ஊர்க்காரன் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டே போக வேண்டும், அதற்காகத்தான் கட்டுவதே. 'விதைத்தவன் உறங்கலாம், விதை உறங்காது' என்கிற மாதிரி எழுதுவார்கள். அதனாலேயே ஸ்டேஷனில் வாசகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

மகேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாளையங்கோட்டைக்கு வந்தான். மாமா வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நம்ம பயலுவ எழுதுனத இன்ஸ்பெக்டர் கிழிச்சுப் போட்டுட்டாரு மாமா. ரெண்டு தடவ. நீங்க எழுதித் தாங்க. காலேஜ் வாத்தியாரு எழுதுனதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"எழுதுதேன். ஆனா எனக்கு ஒரு வாக்கு வேணும். ஃபிளெக்ஸ் கட்டி ரெண்டு நாள்ல நீ கோயம்புத்தூர் பஸ் ஏறணும். பரண்ல இருக்கத ஒங்க அம்ம கையில குடுத்துட்டுப் போணும்."

"அவனுவ படிச்சா வயிறு எரியணும் மாமா. அப்பிடி எழுதுனீங்கன்னா போயிருதேன். எங்க அய்யாவுக்கு ஒண்ணுமே செய்யலையேன்னு இருக்குல்லா" என்றான். கண் கலங்கியிருந்தது.

அப்பாத்துரை அதே ஊர்க்காரர், குமரகுருபரனைச் சின்ன வயதில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். ஷட்டர் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை ஒரு வருஷமாக அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுந்து போய் மேஜை மேலிருந்த புத்தகக் கட்டைப் பிரித்தார். ஈயன்னாதும் கல்லில் வெட்டி வைத்த சங்கதியை, தன் சொல்லில் நாலு வரியாக ஒரு தாளில் இறக்கினார்.

'எல்லைக் கல்லைத் தாண்டி வந்தவனைக்
கழுகுகளுக்குக் கொடுத்தேன்.
மேடு மேடாய்க் குவித்தேன்.
மறுபடி தாண்டினால் மறுபடி குவிப்பேன்.'

எழுதி முடித்ததும் உடம்பு சூடாக இருந்தது. இது சரித்திரம், நம் கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். எத்தனை லட்சணமான பொய். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரே மூச்சில் நாலு வரி அவருக்கு வந்ததே இல்லை.

மகேஷ் இரண்டு முறை வாசித்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னால போட சிங்கம் வேண்டாம் மாமா. கழுகு இருந்தா நல்லாருக்கும்" என்றான்.

கழுகு இருந்தது. புத்தகத்துக்காக அந்தக் கல்லின் படங்களைக் கோட்டோவியமாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் நேசையா. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், அடுத்த வருஷம் ஓய்வு. இருபது வருஷ சிநேகிதம். வீடு மருதம்பத்தில், கோயில் தெருவில். இரண்டு ஊருக்கும் ஆகாது என்பதெல்லாம் இவர்களுக்குள் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினோரு மணிக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் ஆற்றுப்பாலத்தை ஒட்டி மைதீன் பாத்திமா டீக்கடையில் சந்திப்பார்கள். அப்பாத்துரை செத்த அன்றும் நேசையா பிணவறை வாசலுக்கு வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து முறைத்தார்கள்.

கழுகுப் படத்தைக் கொடுத்த அன்று நேசையா ஒரு கேள்வி கேட்டிருந்தார். "இதுல உங்க ஊர்த் தல எது, எங்க ஊர்த் தல எதுன்னே தெரியலையே வே. கல்ல நட்டுட்டு அந்தாளு நிம்மதியா இருந்தானா?"

"அவன் இருந்தான். பின்னால வந்தவன் இருக்கல. உம்மாக்காரன் திரும்பத் திரும்ப வந்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கடைசில ஒருத்தன் வந்து லகாஷ் கோயிலயெல்லாம் கொளுத்திட்டுப் போனான்."

"பின்ன? ஜெயிச்சவன் கல்ல நட்டா தோத்தவன் தெனம் அதப் பாத்துக்கிட்டுல்லா போவான்."

இது நல்ல வாக்கியம் என்று குமரகுருபரன் குறித்து வைத்துக்கொண்டார், புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்ற எண்ணோடு. மகேஷ் வந்த அன்றைக்கும் அந்தக் குறிப்பு அதே புத்தகக் கட்டுக்குள்தான் இருந்தது.

மகேஷ் செல்போனில் படத்தைப் பிடித்துக்கொண்டான். புறப்படும்போது குமரகுருபரன் கூப்பிட்டு நிறுத்தினார். வியாதி தலைகாட்டிவிட்டது.

"ஏலே, சும்மா படத்தப் போட்டுறாத. கீழ மன்னன் பேரு, வருஷம், எல்லாம் இருக்கணும். ஓவியம் நேசையான்னு தெளிவாப் போடு. அவரு உழைப்பு."

"உங்க பேரு மாமா?"

"எம்பேரு எதுக்கு? வேண்டாம்."

அடக்கம் என்று மகேஷ் நினைத்தான். அவரும் அப்படித்தான் நினைத்தார். நேசையாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை பார்க்கத்தானே போகிறோம், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். கி.மு. 2450 என்று பார்த்ததும், "ஏதோ கல்வெட்டாக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் ஏழுமடை விலக்கில் ஃபிளெக்ஸ் ஏறியது. அப்பாத்துரை நடுவில் நின்றார். அவர் தலைக்கு மேல் ஐந்து கழுகுகள், ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு மனிதத்தலை. கீழே நாலு வரி. அதற்கும் கீழே, அரையடி உயர எழுத்தில், 'ஓவியம்: நேசையா'. அந்த முழு ஃபிளெக்ஸிலும் உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் பெயர் அது ஒன்றுதான்.

குமரகுருபரன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். இறங்கி எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி வாசிக்கிறார்கள். ஒரு பெண் உதடசைத்துப் படிப்பதைக் கண்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் எழுதியதை ஜனங்கள் படிக்கிறார்கள். வெட்கமாகச் சொல்ல வேண்டியது இது, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மருதம்பத்திலிருந்து மூன்று பைக்கில் வந்தார்கள். சுடலைராஜ் கம்பத்தில் ஏறினான். அப்பாத்துரை முகத்தில் அருவாளைக் குத்தி வயிறுவரை கிழித்து இறக்கினான். கழுகுகள் கிழிந்து தொங்கின. தடுக்கப் போன பெட்டிக்கடைக்காரர் முழங்காலில் அருவாளைத் திருப்பி அடித்தான், எலும்பு உடைகிற சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. நாலாவது வரியின் கீழே நேசையா பெயர் இருந்த பட்டையை மட்டும் தனியாக அறுத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

மகேஷ் போனில் இரைந்தான். "எங்க அய்யா மூஞ்சியில குத்தியிருக்கான் மாமா. நான் இப்ப போவட்டா வேண்டாமா?"

"வாக்கு குடுத்திருக்கலே. ஒங்க அம்மயப் பாரு. ஃபிளெக்ஸ்தான கிழிஞ்சுது? நீ சொன்ன மாதிரி அவனுக்கு வயிறு எரிஞ்சிருக்கு, அதான் கிழிச்சிருக்கான். நீ கேட்டது நடந்துட்டு. பைய பஸ் ஏறு."

ஒரு மணிநேரம் பேசினார். கெஞ்சினார், திட்டினார், கடைசியில் அழுதார். வியாழக்கிழமை காலை மகேஷ் அருவாளை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினான். கோமு அதைச் சாக்கோடு கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதே வியாழக்கிழமை மத்தியானம் நேசையாவும் பேசினார். குரலில் வழக்கமான கிண்டல் இருந்தது.

"என்னவே, நம்ம கழுகு விலக்குல பறந்துச்சாமே. எம்பேரு அம்புட்டுப் பெருசா எங்கயும் வந்ததில்ல."

"கேட்டுருக்கணும் வே. தப்புத்தான். பயல ஊருக்கு அனுப்பணும்னு ஒரே நினைப்புல..."

"பய போய்ட்டானா?"

"காலைல ஏறிட்டான்."

"அப்ப சரி. சனிக்கிழமை வாரும், பேசிக்கிடலாம்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை குமரகுருபரன் பத்தரைக்கே டீக்கடைக்கு வந்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் பாறை தெரிய ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் நாலைந்து பேர் குளித்தார்கள். மைதீன் பாத்திமா வடை போட்டுக்கொண்டிருந்தாள். நேசையாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மகேஷ் போன சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

பதினோரு மணிக்கு நேசையாவின் பழைய பச்சை ஸ்கூட்டர் பாலத்தில் தெரிந்தது. பின்னாலேயே இரண்டு பைக். குமரகுருபரன் பெஞ்சிலிருந்து எழுந்து கையை உயர்த்தினார். நேசையா பார்த்தார். நன்றாகவே பார்த்தார், முப்பதடி தூரம்தான். ஆனால் அறிமுகமே இல்லாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடையில் நிற்காமல் ஸ்கூட்டரை வேகமாகத் தாண்டி ஓட்டினார். உயர்த்திய கை உயர்த்தியபடி நின்றது.

கடைக்கு அந்தப் பக்கம் ஐம்பதடி போவதற்குள் முதல் பைக் குறுக்கே பாய்ந்து மறித்தது. ஸ்கூட்டர் சரிந்தது. நேசையா எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். சுடலைராஜ் இறங்கி வந்து, இடுப்பிலிருந்த ஃபிளெக்ஸ் பட்டையை உருவி அவர் முகத்தில் வீசினான்.

"நம்ம தலையக் கழுகுக்குப் போடுதியோ? சொந்த ஊர்த் தலைய?"

நேசையா கையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது, விரல்கள் தார்ச்சாலையில் சிதறின. இரண்டாவது வெட்டு தாடையில். அவர் கத்தியது மனுஷக் குரலாக இல்லை. மண்டிபோட்டு உட்கார்ந்தவரை ஒருவன் பின்னாலிருந்து முடியைப் பிடித்து நிமிர்த்தினான். கழுத்து உடனே அறுபடவில்லை. ஐந்து, ஆறு என்று விழுந்தது. ரத்தம் சாலைச் சரிவில் இறங்கி டீக்கடைக் கழுவுநீர் ஓடையில் கலந்தது. படித்துறையில் குளித்தவர்கள் துண்டோடு ஓடினார்கள்.

குமரகுருபரன் அசையவில்லை. மைதீன் பாத்திமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பால் சட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார வைத்தாள். "யா அல்லா, குனிங்க சார், குனிங்க" என்று அவர் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுடலைராஜ் கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆளை அவன் கவனிக்கவில்லை. அருவாளை ஸ்கூட்டர் சீட்டில் துடைத்துவிட்டுப் போனான்.

போலீஸ் விசாரித்தபோது மைதீன் பாத்திமா, வடை போட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றாள். குமரகுருபரன் அதுவும் சொல்லவில்லை. போலீஸ் வருவதற்கு முன்னாலேயே பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். அடக்கத்துக்கும் போகவில்லை. ஒரு வாரம் கல்லூரிக்கு லீவு. சாப்பிட உட்கார்ந்தால் தார்ச்சாலையில் கிடந்த விரல்கள் ஞாபகம் வரும். அதைவிட, நேசையா முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவரை அரித்தது. கோபம், கடைசி நிமிஷத்தில்கூட என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை, என்று நினைத்தார்.

எட்டாம் நாள் காலையில் நேசையாவின் மனைவி பியூலா வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பெரிய காக்கி உறை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மிச்சப் படம் ஆறும் இதுல இருக்கு. முடிச்சு வச்சிருந்தாக. உங்ககிட்ட சனிக்கிழமை குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தாக" என்று மேஜையில் வைத்தாள்.

குமரகுருபரன் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னாலதான் பியூலா. நான் கேக்காமப் போட்டேன். அவருக்குக் கோவம் இருந்திருக்கும். என்னப் பாத்தும் நிக்காமப் போனாரு."

பியூலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அங்கன இருந்தீயளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள்.

"வியாழக்கிழமை சாயந்தரம் சுடலைராஜ் வீட்டுக்கு வந்தான் அண்ணே. இவுககிட்டப் படிச்ச பயதான், சார்னுதான் பேசினான். 'நீங்க வரஞ்சு குடுத்தீயளா, இல்ல அந்த ஏழுமடை வாத்தியான் கேக்காம எடுத்துப் போட்டானா, ஒரு வார்த்த சொல்லுங்க சார், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்'னான். இவுக 'நான்தான் குடுத்தேன்'னாக. அடுக்களையில நின்னு கேட்டேன். அவன் போனப்புறம் ஏன் பொய் சொன்னியன்னு சண்ட போட்டேன். 'குருபரன் பேரச் சொன்னா அவன் வீட்டுக்குப் போவானுவ. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மருமவன் பாதி வழியில திரும்பி வருவான். நான்னா அவன் எங்கிட்டப் படிச்ச பயதான, ரெண்டு அடி அடிச்சிட்டு விட்டுருவான்'னு சொன்னாக. சிரிச்சிக்கிட்டே சொன்னாக."

பாலத்தில் அந்த முகம் ஏன் திரும்பியது என்று குமரகுருபரனுக்கு இப்போது தெரிந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு டீக்கடையில் நிற்கிற ஆளைக் காட்டிக்கொடுக்காமல் தாண்டிப் போயிருக்கிறார்.

"நான் போய்ச் சொல்லிருதேன்" என்றார். "போலீஸ்லயும் சொல்லுதேன், உங்க ஊர்லயும் சொல்லுதேன். அவரு குடுக்கல, நான்தான் எடுத்தேன்னு."

"சொல்லாதீய."

"பியூலா..."

"உங்களுக்கு மனசு ஆறும். அப்புறம்? நீங்க சொன்ன மறுநாள் அவனுவ உங்கள வெட்டுவானுவ. உங்க மருமவன் வந்து அவனுவள வெட்டுவான். இவுக செத்தது எதுக்கு? நாலு பேரு கோர்ட்டுல சரண்டர் ஆயிட்டானுவ, எனக்கு அது போதும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. சாவுற வரைக்கும் தொறக்கக் கூடாது. இவுக துரோகின்னு எங்க ஊர்ல சொல்லுதானுவ. நான் அதக் கேட்டுக்கிட்டுத்தான் அங்க இருக்கப் போறேன். நீங்களும் கேட்டுக்கிட்டு இருங்க."

அவள் கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள். "புத்தகத்துல அவுக பேரப் போட்டுறாதீய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் உறையைப் பிரித்தார். கடைசிப் படத்தில் லகாஷ் ஊர்ச் சாமி வலையில் சிக்கிய எதிரிகளின் தலையில் கதாயுதத்தால் அடித்துக்கொண்டிருந்தது. நேசையா வலைக்குள் இருந்த ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக, பயத்தோடு வரைந்திருந்தார். மூலக்கல்லில் அந்த முகங்களில் இவ்வளவு பயம் கிடையாது. குமரகுருபரன் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

மத்தியானம் மகேஷ் போன் செய்தான். பின்னால் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா மாமா? நான் அப்பயே பேசணும்னு நெனச்சேன். நம்ம பயலுவ எல்லாரும் ஒங்களத்தான் சொல்லுதானுவ. நாம அருவாளத் தொடவே இல்ல, அவனுவளே அவனுவ ஆள வெட்டிக்கிட்டானுவ. நாலு வரிதான் மாமா எழுதுனீங்க. எங்க அய்யா ஆத்மா குளுந்துருக்கும்."

குமரகுருபரன் வாயைத் திறந்தார். பியூலா சொன்னது நெஞ்சில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

"அடுத்த வருஷ ஃபிளெக்ஸுக்கும் நீங்கதான் மாமா எழுதணும்."

"எழுத மாட்டேன்லே. இனிமே என்னால முடியாது."

லேத் சத்தம் நின்றது. மகேஷ் மிஷினை அணைத்துவிட்டான் போலிருக்கிறது. "அப்பம் நான் ஊருக்கு வரணுமா மாமா?" என்று கேட்டான். மிரட்டவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆற்றில் ஒரு அருவாள் கிடக்கிறது. கொல்லன் பட்டறையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. குமரகுருபரன் மேஜைமேல் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"வராத. அங்கனயே இரு" என்றார். "எழுதுதேன்."